சபீனா மலையாடு வேட்டைக்குப் போனது

அமீர்பேட்டில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஹாஸ்டல் போர்டுகளையும் கோச்சிங் சென்டர் போர்டுகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தால், மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் தெரு வரைக்கும் கேட்கும். மைக் இல்லாமலே கேட்கும். அதுதான் சபீனா. படித்து முடித்துவிட்டு வேலை தேடி வந்த பிள்ளைகளுக்கு அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறாள். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று மாற்றி மாற்றிப் பேசுவாள். அந்த மேடம் துப்பாக்கி சுடுகிறவள் என்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்துகொண்டு வந்தார்கள்.

சபீனாவுக்கும் அவள் புருஷன் இர்பானுக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி மேலப்பாளையம். கல்யாணமான புதிதிலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்டார்கள். இர்பான் சனத்நகரில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிளானிங் மேனேஜர். எந்த வார்ப்பு எந்த மிஷினுக்கு என்றைக்குப் போகவேண்டும், ஒரு மிஷின் படுத்துக்கொண்டால் வேலையை எங்கே திருப்பிவிடவேண்டும், இதுதான் அவன் பிழைப்பு. சாதுவான மனுஷன். பக்ரீத்துக்கு ஆடு பிடித்து வருவதோடு அவன் வீரம் முடிந்துவிடும். அறுக்கிற நேரத்தில் தெருக்கோடியில் யாரோடாவது கிரிக்கெட் பேசிக்கொண்டு நிற்பான்.

சபீனா கையில் துப்பாக்கி வந்தது தற்செயல்தான். ஒரு வருஷம் இன்ஸ்டிட்யூட்டில் எல்லோரையும் பொழுதுபோக்குக்கென்று துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் ஆளுக்கு நாலு தடவை சுட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு சமோசா தின்னக் கிளம்பினார்கள். சபீனா மட்டும் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனாள். அப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும். காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பித்து, கடைசியில் முந்நூறு மீட்டர் தூரத்துக்குச் சுடும் பெரிய ரைபிள் போட்டி வரை வந்துவிட்டாள். மாநிலப் போட்டியில் மெடல் வாங்கி வந்த அன்றைக்கு இர்பான் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் கேன்டீன் பிரசாத் வரைக்கும் காட்டிவிட்டு வந்தான்.

அவன் மனசில் அதோடு போதும் என்றிருந்தது. சபீனாவுக்குப் போதவில்லை. தேசியப் போட்டிக்குப் போன இடத்தில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சந்தித்தாள். அவள் கிர்கிஸ்தான் மலைகளில் வேட்டையாடிய படங்களைக் காட்டியிருக்கிறாள். மேகத்துக்கு மேலே கறுத்த பாறைகள், பனி, பாறை விளிம்பில் வாள் போல வளைந்த கொம்போடு நிற்கும் ஆடுகள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"மச்சான், நான் வேட்டைக்குப் போணும்."

இர்பான் கையிலிருந்த புரோட்டாவைத் தட்டில் வைத்தான். "வேட்டையா? இந்த நாட்டுல முயலைச் சுட்டாலே உள்ள போடுவானே புள்ள."

"இங்க இல்ல. கிர்கிஸ்தான்ல. ஐபெக்ஸ்னு ஒரு மலையாடு. நம்ம வரையாடு மாதிரி, ஆனா அதைவிடப் பெருசு. வருசத்துக்கு இத்தனைதான்னு அங்க கவர்மெண்டே அனுமதி கொடுக்கு. வயசான கிடாவை மட்டுந்தான் சுடலாம். பொட்டையைத் தொடக்கூடாது, குட்டியைத் தொடக்கூடாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஜுலைகா தலையைத் தூக்கினாள். ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் தானாகவே கறி சாப்பிடுவதை விட்டவள். வீட்டில் தமிழில் கேட்டால் அவள் பதில் மூன்று பாஷையில் வரும்.

"கைக்கு உம்மா, எதுக்கு? அது பாட்டுக்கு மலைல இருக்கு. போட்டோ எடுத்துட்டு வா. வை கில் இட்?"

சபீனா பொறுமையாகச் சொன்னாள். வேட்டைக்கு வருகிறவர்கள் கட்டுகிற பணத்தில்தான் அந்தப் பள்ளத்தாக்குக்குக் காவல் போடுகிறார்கள், திருட்டு வேட்டை குறைந்திருக்கிறது, ஆடுகள் பெருகியிருக்கின்றன என்று அந்தப் பஞ்சாபிப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"அது உனக்கு ஒரு எக்ஸ்க்யூஸ்," என்றாள் ஜுலைகா.

இர்பான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சபீனா கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கோபப்படவில்லை.

"சரிதான். அது பாதி. மீதி என் ஆசை. கல்யாணமான நாள்லேருந்து கடையில கறி வாங்குதேன். கவர்ல போட்டுத் தாரான். அது எங்க மேஞ்சுது, எப்படிச் செத்துதுன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. ஒரு தடவையாவது அந்தப் பாரத்தை நானே சுமந்து பாக்கணும்னு இருக்கு. நீ சாப்பிடாம இருக்க. அது நேரான வழி. எனக்கு அது வரல."

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்க வேண்டாம். நான் ஒழுங்கா செய்யுதேனான்னு மட்டும் பாரு."

இர்பான் அன்றைக்குச் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் தொழிற்சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் மூளை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எந்தச் சரக்கானாலும் அனுப்பவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டே அவனுக்குப் பழக்கம். ஆட்டைச் சுடுகிற நாள் எது? அக்டோபர் கடைசி. பனி விழுந்து ஆடுகள் உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கவேண்டும், ஆனால் கணவாய்கள் மூடியிருக்கக் கூடாது. அதற்கு முன்னால் மலைக்காற்று உடம்புக்குப் பழகவேண்டும். அதற்கு முன்னால் பிஷ்கெக் விமானம், விசா, அனுமதிச் சீட்டு. அதற்கும் முன்னால் கால் பலம், மூச்சு பலம். டீ ஆறிப்போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்.

"நீ மட்டும் போவியா, இல்ல நானும் வரணுமா?"

"நீங்க இல்லாம யாரு பிளான் போடுவா?" என்றாள் சபீனா.

அவர்கள் குடியிருந்தது சைனிக்புரியில் ஒரு மாடி வீடு. கீழ் வீட்டில் சொந்தக்காரர் சக்ரபாணியும் அவர் மனைவி ருக்மிணியும். சக்ரபாணி ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் பல குளிர்காலம் பார்த்தவர். சுத்த சைவம். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"ஆட்டைச் சுடறதைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்கோ. ஆனா மலை ஏறப்போறேள்னா அதைப் பத்திப் பேசலாம்," என்றார். பேசினார். வேகமாக ஏறக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், உயரம் மாறுகிற இடத்தில் தங்கித் தங்கிப் போகவேண்டும். "தலைவலி வந்தா உடனே சொல்லணும் இர்பான். கௌரவம் பார்த்து மறைச்சவாளைத்தான் நான் ஸ்ட்ரெச்சர்ல தூக்கியிருக்கேன்."

இர்பான் திட்டத்தில் தங்கல்களைக் கூட்டினான். யாருக்காவது உடம்பு படுத்தினால் திட்டம் கெட்டுப்போகாமல் இருக்க, ஒரு உதிரி நாளையும் நடுவில் சொருகி வைத்தான்.

பயிற்சிக்கு மௌலாலிக் குன்று வசதியாக இருந்தது. விடிந்ததும் சபீனா முதுகுப் பையில் துவரம்பருப்பு மூட்டையைப் போட்டுக்கொண்டு படியேறுவாள். இர்பானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலே ஏறுவான். குன்றின் மேல் தர்காவுக்கு வந்த ஒரு கிழவி, "வேண்டுதலாம்மா?" என்று ஹைதராபாத்தின் தக்கனி உருதுவில் கேட்டாள். "ஹவ் அம்மா," என்று ஆமாம் போட்டுவிட்டு சபீனா நிற்காமல் மேலே போனாள். வீட்டில் இன்னொரு பயிற்சி. தரையிலிருந்து மொட்டைமாடிக்கு ஓடிப்போய், படபடக்கிற நெஞ்சோடு அப்படியே படுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஒட்டிய காகிதத்தைக் குறிபார்த்து, குண்டில்லாத காற்றுத் துப்பாக்கியின் விசையை அழுத்துவாள். மலையில் யாரும் மூச்சு ஆறும் வரை காத்திருக்கப் போவதில்லை அல்லவா?

ஒரு நாள் ஜுலைகா மாடிப்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாக வாய்திறந்து வேட்டையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு தூரத்துல இருந்து சுடுவ?"

"முந்நூறு மீட்டர். நான் பழகினது அவ்வளவுதான். அதுக்கு மேல நின்னா சுடமாட்டேன். குண்டு தப்பான இடத்துல பட்டா அது ஓடிப்போயி எங்கயோ கிடந்து ரெண்டு நாள் சாகும். அது வேட்டை இல்ல."

ஜுலைகா இறங்கிப் போனாள். இர்பான் அந்தத் தூரத்தையும் திட்டத்தில் ஒரு சட்டமாக வைத்தான்.

மகளைக் கீழ் வீட்டு ருக்மிணியிடம் விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பிஷ்கெக்கிலிருந்து ஒரு பகல் முழுக்க ஜீப்பில் போய், அப்புறம் குதிரை. வேட்டைக்கு வழிகாட்டி பக்யித் என்பவன். கன்னம் வெடித்த, தோள் அகன்ற ஆள். பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிற இந்தியப் பிள்ளைகளின் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் அவன் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்ததால், அவனுக்கு உடைந்த இந்தி தெரிந்திருந்தது. குதிரையை இர்பானிடம் கொண்டுவந்து நிறுத்தி, துப்பாக்கியையும் அவனிடமே நீட்டினான்.

"அவங்ககிட்டக் கொடு," என்று இர்பான் மனைவியைக் காட்டினான்.

பக்யித் இருவரையும் பார்த்து, நீங்கள் இல்லையா என்று இந்தியில் கேட்டான். "ஆப் நஹி?"

"நான் மேனேஜர்," என்றான் இர்பான்.

முதல் வேலையாக சபீனா அந்தத் துப்பாக்கியைச் சோதிக்கவேண்டும் என்றாள். நேற்று வந்தவர்கள் சுட்ட துப்பாக்கிதான், நன்றாக இருக்கிறது என்றான் பக்யித். அவள் கேட்கவில்லை. ஓடைக்கு அக்கரையில் அட்டையை நிறுத்திச் சுட்டுப் பார்த்தாள். குண்டு ஒரு சாண் இடது பக்கம் போனது. துப்பாக்கியின் மேலிருந்த தொலைநோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்து, அட்டையின் நடுப்பொட்டில் மூன்று குண்டையும் ஒரே ஓட்டையாக இறக்கினாள். பக்யித் அட்டையை எடுத்து வந்து, அதைத் தன் கம்பளிக் கூடாரத்தில் மாட்டி வைத்துக்கொண்டான்.

ஆனால் மலை அட்டையைப் போல நிற்குமா? முதலில் ஆடுகள் கண்ணுக்கே எட்டாத உயரத்தில் எறும்புகளாகத் தெரிந்தன. சரளைக்கல் சரிவில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. குளிர்காற்று காதை அறுத்தது. ஒரு நாள் காலையில் இர்பானுக்கு மண்டையைப் பிளக்கிற மாதிரி தலைவலி, குமட்டல். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தான். சக்ரபாணி சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டான். சபீனா துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு கீழ்முகாமுக்கு இறங்கினாள்.

"என்னால உனக்கு ஒரு நாள் போச்சே," என்றான் இர்பான், கம்பளிக்குள் சுருண்டுகொண்டு.

"உதிரி நாள் எதுக்கு வச்சிய? இதுக்குத்தானே. பேசாமத் தூங்குங்க."

தலைவலி விட்டது. மறுபடியும் ஏறினார்கள். அன்று மத்தியானம் ஒரு முகட்டைச் சுற்றித் திரும்பியபோது, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிடா நின்றது. மூவரும் அப்படியே படுத்தார்கள். இர்பான் தொலைநோக்கியில் பார்த்தான். பஞ்சாபிப் பெண்ணின் படங்களில்கூட அப்படி ஒரு கொம்பு இல்லை. பின்னால் வளைந்து முதுகைத் தொடுவதுபோல இருந்தது.

"மாரோ மேடம், மாரோ," என்று சுடச்சொல்லி பக்யித் மண்ணைத் தட்டினான்.

"தூரம் எவ்வளவு?"

பக்யித் தூரம் அளக்கும் கருவியில் பார்த்தான். நானூறுக்கு மேல்.

"இன்னும் கிட்டப் போக வழி இருக்கா?"

இல்லை. நடுவில் வெட்டவெளி. ஓர் அடி எடுத்து வைத்தால் பார்த்துவிடும்.

"அப்போ வேண்டாம்."

பக்யித்துக்குப் புரியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அறுநூறில்கூடச் சுடுகிறார்கள் என்றான். படாவிட்டால் போகட்டும், இன்னொரு குண்டு போடலாம் என்றான். அவ்வளவு ஏன், இர்பானுக்கே மனசு கேட்கவில்லை. காதோரம் கிசுகிசுத்தான்: "புள்ள, நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. இத்தனை மாசம் படி ஏறினதெல்லாம்..."

சபீனா கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "காத்து குறுக்கால அடிக்கி மச்சான். வயித்துல பட்டுட்டா? அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போயி யாரு தேடுவா?" விசையிலிருந்து விரலை எடுத்தாள். துப்பாக்கியைப் பூட்டினாள்.

அந்தக் கிடா அவசரமே இல்லாமல் நிழல் பக்கம் நடந்து மறைந்தது.

முகாமுக்குத் திரும்பும்போது பக்யித் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். குதிரையை முன்னால் விட்டுக்கொண்டு போனான். இர்பானுக்கும் ஏமாற்றம்தான். ஆனால் ஆற்றோரமாக இறங்கி வருகையில் முன்னே போகிற மனைவியின் முதுகைப் பார்த்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, மலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். கையில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மெடல் வாங்கி வந்த நாளில் அவனுக்கு நெஞ்சு விம்மியது உண்மைதான். அந்த விம்மல் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று பட்டது. மெடலை நாலு பேர் பார்க்கக் கொடுத்தார்கள். இங்கே பார்க்க யார் இருந்தார்கள்? சுட்டிருந்தால் ஏன் என்று கேட்க ஒருத்தரும் இல்லாத இடத்தில் இவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். நாளைக்கு வெறுங்கையோடு ஊருக்குப் போனாலும் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

கடைசி நாள். வெளுக்கும் முன்பே கிளம்பி, மனுஷ வாடை ஆடுகளுக்குப் போகாதபடி, காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி மலையின் பின்பக்கமாகச் சுற்றி ஏறினார்கள். ஓரிடத்தில் இர்பானை ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, சபீனாவும் பக்யித்தும் வயிற்றால் ஊர்ந்து போனார்கள். இர்பான் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்தான். மேலே பாறைத் தட்டில் ஒரு சிறு கூட்டம். அதில் ஒரு கிழட்டுக் கிடா. நேற்றுப் பார்த்ததன் அழகு இதற்கு இல்லை. ஒரு பக்கத்துக் கொம்பு நுனி ஒடிந்து, உடம்பு மெலிந்து, மற்றவை மேய்கையில் தள்ளிப் படுத்திருந்தது. இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று இருவரும் ஊர்ந்தார்கள். முந்நூறு மீட்டருக்கு உள்ளே, நன்றாகவே உள்ளே வந்துவிட்டார்கள்.

கிடா எழுந்தது. சபீனா சுடவில்லை. ஏன் என்று இர்பான் பார்த்தான். கிடாவுக்குப் பின்னால் ஒரு பெட்டை நின்றது. குண்டு ஊடுருவினால் அதற்கும் படும். சபீனா காத்திருந்தாள். பனி தூற ஆரம்பித்தது. அவள் முதுகு வெள்ளையாகிக்கொண்டே வந்தது. பக்யித் தலை திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் அசையவில்லை. கடைசியில் பெட்டை நகர்ந்தது. சபீனாவின் உதடுகள் அசைவதை இர்பான் கண்டான். பிஸ்மில்லாஹ் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் வாயும் கூடவே சொன்னது.

வெடிச்சத்தம் மலைக்கு மலை தாவிப் போயிற்று. கிடா இரண்டடி வைத்தது. முன்னங்காலை மடக்கி, உட்காருவதுபோல உட்கார்ந்து, சாய்ந்தது. அவ்வளவுதான்.

இர்பான் மூச்சுவாங்க மேலே ஏறிப் போனபோது சபீனா அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. பக்யித் கொம்பின் வளையங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, நல்ல கிழம், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது என்றான். அது அவளுக்கு ஆறுதலாகச் சொன்னதா, உண்மையா என்று இர்பானுக்குத் தெரியவில்லை. சபீனா கேட்கவும் இல்லை.

"பாரமாத்தான் இருக்கு மச்சான்," என்றாள். "இருக்கணும்."

தோலுரிக்கையில் காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இர்பான் பிடித்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், ஆனால் கையை விடவில்லை.

கறியெல்லாம் குதிரைகளில் ஏற்றிக் கீழே பக்யித்தின் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வீடு பங்கு போயிற்று. ராத்திரிக்குச் சூப்பு கொதித்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து இர்பானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "நான் இல்லை, இவங்க, என் மனைவி," என்று சபீனாவைக் காட்டினான். காட்டக் காட்ட அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் பக்யித் எழுந்து நின்று தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னான். இன்றைக்குச் சுட்டதைச் சொல்கிறான் என்று இர்பான் நினைத்தான். பக்யித்தே பிறகு இந்தியில் சொன்னான்: "நேற்று சுடாததைச் சொன்னேன்."

விருந்தில் மூத்தவருக்கென்று எடுத்து வைக்கும் கறித்துண்டை ஒரு தாடிக்காரப் பெரியவர் தட்டோடு சபீனா முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

கொம்பை அங்கேயே பக்யித் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவர ஆயிரம் அனுமதி வேண்டும். சபீனாவுக்கு அதில் ஆசையும் இல்லை.

சைனிக்புரிக்கு வந்து சேர்ந்ததும் ஜுலைகா ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். உம்மாவின் வெடித்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வேட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. சபீனாதான் உட்காரவைத்துச் சொன்னாள், ஒன்று விடாமல். பெரிய கிடாவை விட்டதையும், கிழட்டுக் கிடா சாய்ந்ததையும்.

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும். ரொம்ப நேரம் இல்ல."

ஜுலைகா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஐ ஸ்டில் டோன்ட் லைக் இட்," என்றாள்.

"சரி," என்றாள் சபீனா. எழுந்து குளிக்கப் போனாள். மறுநாள் அமீர்பேட்டில் புது பேட்ச் ஆரம்பம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இர்பான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனான். தொட்டிக்குப் பின்னால் ஜுலைகா போனில் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். இந்தியும் தெலுங்கும் கலந்து கொட்டியது. "நக்கோ, வேணாம்பா, எனக்கு வேட்டையே பிடிக்காது. அது வேற. ஆனா நீ கேளு. அவ்ளோ பெரிய கொம்பு, கண்ணு முன்னாடி நிக்குது, கைட் கத்தறான் சுடு சுடுன்னு. எங்க உம்மா சுடல, தெரியுமா? யாரால முடியும்?"

இர்பான் காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் காட்டாமல் படியிறங்கினான்.